ஐந்தாம் பாயில் வேறு துப்பாக்கி

"குழலைப் படிங்க. இப்பப் பெட்டியைப் படிங்க." அங்காளம்மாள் இப்படிச் சொன்னால் பதக்கம் வாங்கியவர்களும் எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். துப்பாக்கிக் குழலில் வெட்டியிருக்கும் தோட்டாவின் பெயரும் தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட பெயரும் ஒன்றானால்தான் சுடும் பாயில் படுக்கலாம். குழல் அளவை 'பாயிண்ட் டூ டூ' என்று மட்டும் சொல்பவரிடம், "ஊட்டுல கூப்புடற பேரு வேண்டாமுங்க, முழுப் பேரச் சொல்லுங்க" என்பார்.

சூரமங்கலத்தில் ரயில்வே கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சேலத்துக்கு வெளியே ஒரு ரைஃபிள் கிளப்பில் இப்போது பாதுகாப்புப் பொறுப்பு. ஒருமுறைகூடச் சுட்டதில்லை, அவர் தலையாட்டாமல் அங்கே யாரும் சுட்டதுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் போட்டி. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளி செல்லமுத்துவின் மகள் கயல்விழி ஐந்தாம் பாயில் படுத்திருந்தாள். காலையில் அங்காளம்மாள் படித்துப் பார்த்தது கறுப்புத் துப்பாக்கி. இப்போது அவள் கன்னம் பதிந்திருந்ததோ வேறொரு துப்பாக்கியின் பழுப்பு மரக்கட்டையில். உள்ளே தோட்டா போய்விட்டது. விரல் விசையில்.

கத்தினால் விரல் அதிரும். ஓடினாலும் அப்படித்தான். நான்கு பாய்களைக் கடக்க அங்காளம்மாள் கோயில் பிரகாரத்தில் நடப்பதுபோல் நடந்தார். நடந்துகொண்டே, பால் கணக்குச் சொல்லும் குரலில், "சாமி, விரலை மட்டும் வெளிய எடு" என்றார்.

விரல் வந்தது.

"போல்ட்டைத் தொற." அவள் துப்பாக்கியின் பின்பக்க அடைப்பைத் திறந்து குழலை மேலே தூக்கியதும் தோட்டா யாரும் இழுக்காமல் தானாக வழுக்கி அவர் உள்ளங்கையில் விழுந்தது.

செல்லமுத்து தடுப்புக் கயிற்றுக்கு அப்பாலிருந்து வந்தார். "அவ துப்பாக்கில தோட்டாவத் தட்டுற பின்னு ஒடஞ்சு போச்சுங்க. காட்டுக் காவலுக்கு வெச்சிருக்கிறத எடுத்துக் குடுத்தேன். லைசென்ஸ்ல ரெண்டும் பாயிண்ட் டூ டூதானுங்களே. எத்தன லேசா உள்ள போச்சுன்னு பாத்தீங்கல்ல?"

"அதுதானுங்க வம்பு. உங்க துப்பாக்கி மேக்னம் தோட்டாவுக்கானது. இந்தத் தோட்டா பேரு லாங் ரைஃபிள், அதவிட ஒல்லி. ஆறரை இஞ்சு போருக்கு அஞ்சு இஞ்சு கேசிங் பைப்பு எறக்குனா லேசாத்தான் எறங்கும். மண்ணு எந்தப் பக்கமா வரும்?"

நிலத்தைத் துளைத்தே வீடு கட்டியவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "சந்துல வருமுங்க" என்றவர், துப்பாக்கியைக் காட்டி, "இதுல?" என்றார்.

"இதுல தோட்டாவோட பித்தளக் கூடு சந்துல உப்பிக் கிழியும். நெருப்பும் தகடும் பின்னால வரும்." பின்னால் என்றால் எங்கே என்று அவர் சொல்லவில்லை. செல்லமுத்து மரக்கட்டையில் மகளின் கன்னம் பதிந்த ஈரத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த மீதித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அப்ப எனக்குப் போட்டி போச்சுங்களா அத்தை?" என்றாள் கயல்விழி.

 அங்காளம்மாள் அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். முதலில் வலது கண்ணைப் பார்த்தார். பிறகு இடது கண்ணை.