பூட்டைச் சாவி என்றவர்கள்

கோமதி இறந்த செய்தியை அவர் கணவர் தொலைபேசியில் சொன்னார். "கோமதி போயிட்டா அண்ணாச்சி. காப்பி போட எந்திரிச்சவ, நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தா. அவ்வளவுதான்." மறுநாள், கோமதி முன்பு வேலை பார்த்த, புணேயின் கேம்ப் பகுதியிலுள்ள அலுவலகத்திலிருந்து இரங்கல் மின்னஞ்சல் வந்தது. 'எங்கள் தகவல் பாதுகாப்பின் தூண்' என்று எழுதியிருந்தார்கள். கையொப்பமிட்டிருந்தவர், அந்தத் தூணை வெட்டிச் சாய்த்த இயக்குநர். ஆகவே இதை நான் அமைதியாக எழுதவில்லை. அவரை அறிந்த நீங்களும் அமைதியாகப் படிக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், புணே அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் புதிது. நான் அப்போது அங்கே பத்திரிகைச் செய்தியாளன். தகவல் பாதுகாப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுடன், அந்த அலுவலகத்தில் அதைக் கவனித்துவந்த கோமதியைப் பார்க்கப் போனேன். 'ஹாஷ்' செய்து, அதாவது உருத்தெரியாமல் மாற்றிச் சேமித்த பாஸ்வேர்டை எப்படித் திரும்பப் படிப்பது என்றுதான் பலரும் கேட்டிருந்தார்கள்.

"தோசை மாவத் திரும்ப அரிசியாக்கி, உளுந்தத் தனியா எடுப்பீங்களா அண்ணாச்சி?" என்றார். குறியாக்கம் செய்ததைச் சாவி போட்டுத் திறக்கலாம். ஹாஷ் என்பதோ அரைத்த மாவு, திரும்பாது. நாம் பாஸ்வேர்டு போடும்போது கணினி அதை மறுபடி அரைத்து, பழைய மாவோடு ஒத்துப் பார்க்கிறது. "ஆளுக்கு ஒரு உப்புப் போட்டு அரைக்கணும். இல்லன்னா ஒரே பாஸ்வேர்டு வச்சவங்க மாவெல்லாம் ஒண்ணு போல இருக்கும். ஒருத்தன் மாட்டுனா அத்தனை பேரும் மாட்டுவான்."

என் கட்டுரையில் 'உடைக்க முடியாத குறியாக்கம்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டார். "பூட்ட எவன் கஷ்டப்பட்டு உடைக்கான்? சாவிய வச்சிருக்கவன்ட்ட கேட்டு வாங்கிட்டுப் போவான்."

பூட்டுவதற்கானதை 'பப்ளிக் கீ' என்றும் திறப்பதற்கானதை 'பிரைவேட் கீ' என்றும் பெயர் வைத்தவர் மேல் அவருக்குத் தீராத கோபம். "ரெண்டையும் சாவின்னுட்டான். அதுல ஒண்ணு பூட்டுல்லா! பூட்ட ஊருக்கே குடுக்கலாம், யாரும் பூட்டி அனுப்பட்டும். தொறக்குற சாவிய மட்டும் பெத்த தகப்பனுக்கும் குடுக்கக்கூடாது." புணேயை அடுத்த கசார்வாடிப் பட்டறைக்காரர்களுக்கு இந்தியில் வகுப்பெடுத்தபோதும் அதைச் 'சாவி' என்று அவர் சொல்லவே இல்லை. 'தாலா', பூட்டு, என்றே சொன்னார்.

அந்தப் பட்டறைகள் அவருடைய நிறுவனத்துக்கு மாதிரி உதிரிபாகங்கள் செய்து கொடுத்தவை. சாகண் வாகன ஆலை ஒன்று தன் புதிய வண்டியின் வரைபடங்களை, நிறுவனம் மட்டும் திறக்கும்படி குறியாக்கம் செய்து, எல்லோருக்கும் பொதுவான சர்வரில் வைத்திருந்தது. வகுப்புக்கு வராத ஒரு பட்டறைக்காரர், தன் விலைப்புள்ளியைப் பூட்டி அனுப்ப வேண்டி, இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்து 'சாவி' கேட்டார். அவர் கேட்டது பூட்டு. இயக்குநர் அனுப்பியது திறக்கும் சாவி. அதையும் எல்லாப் பட்டறைகளுக்கும் சேர்த்து அனுப்பினார். அந்தச் சாவிக்கும் கோமதி ஒரு பாஸ்வேர்டு வைத்திருந்தார். தினமும் அடிக்க அலுப்பாக இருக்கிறது என்று அதை முன்பே நீக்க வைத்தவரும் இயக்குநர்தான். வண்டி வெளிவருவதற்குள் வரைபடங்கள் போட்டி ஆலையின் கைக்குப் போய்விட்டன.

செய்திக்காக இயக்குநரைச் சந்தித்தேன். புணேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கோமதியும் அறையில் இருந்தார்.

"அரே, சாவி கேட்டாங்க, சாவி கொடுத்தேன். இதுல என்ன லஃப்டா, என்ன தகராறு? எல்லாருக்கும் கொடுக்கலாம்னு இந்த மேடம்தானே போல்தீ தீ, சொல்லிட்டிருந்தாங்க?"

"நான் சொன்னது பூட்ட, சார்."

"பூட்டு, சாவி, சப் ஏக் ஹி ஹை! எல்லாம் ஒண்ணுதான்!"

மறுநாள் நிறுவனம் எல்லாப் பத்திரிகைகளுக்கும் ஓர் அறிக்கை அனுப்பியது: 'எங்கள் குறியாக்கம் உடைக்கப்பட்டது. பொறுப்பான அதிகாரி விலகியுள்ளார்.' சாவியைத் தானே கொடுத்ததாக இயக்குநர் சொன்னதை நானும் எழுதினேன். என் பத்திரிகையில் ஒரு மூலையில் வந்தது. அறிக்கை எல்லாவற்றிலும் வந்தது.

வேலை போனதற்குக் கோமதி அழவில்லை. ரிலீவிங் லெட்டரில் ஒரே ஒரு வரி கேட்டார்: குறியாக்கம் உடையவில்லை என்று. "என்னய அனுப்பட்டும் அண்ணாச்சி. நான் போட்ட பூட்டு உடைஞ்சுட்டுன்னு பொய் சொல்லக்கூடாது." மறுத்தார்கள். அதன்பின் போன நேர்காணல் ஒவ்வொன்றிலும், "உங்க பூட்டுதானே உடைஞ்சது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். கணினியில் ஆனா ஆவன்னா தெரியாதவர்களெல்லாம் கேட்டார்கள். கடைசிவரை அவருக்கு அந்தத் துறையில் வேலை கிடைக்கவில்லை. வீட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தார். தூண் என்று இன்று எழுதுகிற கைக்கு, அன்று ஒரு வரி எழுத வரவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். யாராவது எதையாவது 'உடைத்துவிட்டார்கள்' என்று செய்தி வந்தால், சாவி யாரிடம் இருந்தது என்றுதான் முதலில் கேட்கிறேன். அவர் கேட்டுக் கிடைக்காத வரியும் என்னிடம் இருக்கிறது. அந்த அறையில் இருந்தவன், காதால் கேட்டவன் என்ற முறையில் அதை இங்கே எழுதுகிறேன்.

கோமதி போட்ட பூட்டு உடையவில்லை. சாவியை இயக்குநர் கொடுத்தார்.