குச்சியக்காவும் நாற்பது கோப்பைகளும்

குச்சியக்காவைப் பார்த்து யாராவது “பாவம்” என்றால் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். அவளுக்கு அதைவிட அதிகமாக வரும்.

பீங்கான் தொழிற்சாலையில் அவளும் நானும் ஒரே மேஜை. சூளையிலிருந்து வரும் கோப்பைகளை மரக்குச்சியால் தட்டிப் பார்ப்பது எங்கள் வேலை. நல்ல கோப்பை ‘கிண்’ணென்று ஒலிக்கும், மயிரிழை விரிசல் இருந்தால் ‘டொக்’கென்று செத்துப்போகும். பன்னிரண்டு வருடம் கையில் இருந்த குச்சியே அவளுக்குப் பெயராகிவிட்டது.

ஒரு மூளைக்காய்ச்சலில் இரண்டு காதும் போயின. அறுவை சிகிச்சை செய்து காக்ளியர் கருவி பொருத்தினார்கள். உள்ளே மெல்லிய கம்பி, காதுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. பேச்சு மெல்ல மெல்லப் பிடிபட்டது. குரலின் ஏற்ற இறக்கம்தான் பிடிபடவில்லை. ஆணும் பெண்ணும் ஒரே தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசினார்கள். நாத்தனார் ஒருநாள் குத்தலாக இழுத்து, “ஆமாமா, நீ மகாராணிதான்” என்றதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நாத்தனாருக்கு அன்று சோறு இறங்கவில்லையாம்.

வேலைக்குத் திரும்பியதும் மேற்பார்வையாளர் அவளை அட்டைப்பெட்டி ஒட்டப் போகச் சொன்னார்.

“காதே மெஷின்ல ஓடுது. கோப்பைய எப்படிம்மா தட்டிப் பார்ப்ப?”

“இத்தனை நாள் நல்ல காத வச்சுக்கிட்டு நீங்க என்ன கிழிச்சீங்க?”

அவர் முகம் சிவந்து, “ஒரு மாசம் பார்க்கறேன். அப்புறம் நானே சோதிப்பேன். தப்பு வந்தா பெட்டி ஒட்டத்தான் போகணும்” என்றார்.

தினமும் மதிய இடைவேளையில் நான் தட்டுவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். முதல் வாரம் எல்லாக் கோப்பையும் அவளுக்கு ஒன்றுதான். இரண்டாம் வாரம் திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

“சுரம் தெரியல, போய்த் தொலையட்டும். ஆனா நல்ல கோப்பை கொஞ்ச நேரம் இழுக்குது. விரிசல் கோப்பை பட்டுனு அறுந்துடுது.”

அதற்குப் பிறகு அவள் பிசகவே இல்லை.

சோதனைக்கு முந்தைய நாள் கருவியைச் சரிபார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே காது சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் பெண் புதிதாக ஒரு செட்டிங் போட்டுக் கொடுத்தாள். கூட்டத்திலும் பேச்சு தெளிவாகக் கேட்டதாம். பஸ்ஸில் புருஷன் சொன்ன ஜோக் முழுசாகப் புரிந்து, நல்லாவே இல்லை என்று அவனிடமே சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் நாற்பது கோப்பைகளை விரிசல் என்று ஒதுக்கிவிட்டாள். மேற்பார்வையாளர் வந்து ஒன்றைத் தட்டினார். கிண். இன்னொன்று. கிண். நாற்பதும் நல்ல கோப்பைகள்.

“நாளைலேர்ந்து பெட்டி ஒட்டு.”

அழுவாள் என்று நினைத்தேன். அவள் தலைக்கு மேல் சுற்றிய ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேத்துவரைக்கும் இந்த ஃபேன் என் மண்டைய உடைச்சுது. இன்னைக்குக் கேக்கவே இல்ல. ஒரே மாதிரி இழுக்கற சத்தத்தையெல்லாம் இந்தப் புது செட்டிங் இரைச்சல்னு வெட்டுது. என் கோப்பையையும் சேர்த்து வெட்டிடுச்சு.” பிறகு அவரிடம் திரும்பினாள். “இன்னைக்குப் பொழுது முடியல சார். மூணு மணிக்கு வாங்க.”

நல்ல கோப்பை ஒன்று, விரிசல் கோப்பை ஒன்று, நான், மூன்றையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். ஆடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டரைக் காட்டினாள். “பேச்சு டெஸ்ட்ல மார்க் எவ்வளவு ஏறியிருக்கு பாருங்க. பேச்சுதானே முக்கியம்?”

“எனக்கு எது முக்கியம்னு நான் சொல்றேன். டெஸ்டுக்கு நீங்க வாசிக்கற வார்த்தைப் பட்டியல்ல என் வேலை இல்ல.” இரண்டு கோப்பைகளையும் மேஜைமேல் வைத்தாள். “இத வச்சு சரிபண்ணுங்க.”

அந்தப் பெண் நல்லவள். சிரித்துவிட்டு, அக்கா கையிலிருந்த குச்சியை வாங்கித் தானே தட்டத் தொடங்கினாள். ஒரு மணி நேரத்தில் கருவியில் இரண்டு செட்டிங் இருந்தன. ஒன்று பேச்சுக்கு, ஒன்று கோப்பைக்கு. பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

மூன்று மணிக்கு மேற்பார்வையாளர் இருபது கோப்பைகளை அடுக்கினார். மூன்றில்தான் விரிசல், அவரே தட்டிப் பார்த்துக் கலந்தவை. குச்சியக்கா நிதானமாகத் தட்டி, நான்கை ஒதுக்கினாள்.

அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நான்காவதைத் தூக்கி அவள் கண்முன் ஆட்டி, “இது நான் தட்டிப் பார்த்த நல்ல கோப்பைம்மா” என்றார்.

அவள் அதை வாங்கி, மை கலந்த தண்ணீரை ஊற்றி, துணியால் துடைத்தாள். கைப்பிடியிலிருந்து அடிவரை நீலமாக ஒரு கோடு, தலைமுடி அளவு.

மேற்பார்வையாளர் தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். குச்சியக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். காதுக்குப் பின்னால் பொத்தானை அழுத்தினாள்.

“பேச்சுக்கு மாத்திட்டேன் சார். இப்ப சொல்லுங்க.”