சொன்னது, ஆனது

மோகன்ராஜ் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் பரணைத்தான் அண்ணாந்து பார்ப்பார். கட்டில், பீரோ எல்லாம் அப்புறம். "எத்தினி வருசமா கீறீங்க?" என்று கேட்பார். இந்த வீட்டில் இருபத்திரண்டு என்று வேதா டீச்சர் சொன்னதும், மனசுக்குள் ஏதோ கூட்டிக்கொண்டு தலையாட்டினார். வருஷத்துக்கு இவ்வளவு நிமிடம் என்று பரணுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்.

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வீடு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். ஒன்பது வருஷமாக அவரோடு போகிறேன். பாத்திரமும் சாமி படமும் சுற்றிக் கட்டுவது என் வேலை. தூக்குவதற்கு தினகரனும் பிரசன்னாவும்.

பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பி, வாசல் கதவில் ஒட்டிவிடுவார். இடப்பக்கம் 'சொன்னது'. வலப்பக்கம் 'ஆனது'. சமையலறை என்று மொத்தமாக எழுத விடமாட்டார். "சமையல் ரூமு ரெண்டு மணி நேரம்னா அது பொய்யி. உள்ள இன்னா கீது, பிரிச்சு சொல்லு" என்பார். டப்பா, எவர்சில்வர், கண்ணாடி, கேஸ் கழற்றுவது என்று தனித்தனி வரி விழும். ஒவ்வொன்று முடிந்ததும் போனில் மணி பார்த்து எதிரில் எழுதுவார்.

ஆளுக்கு ஆள் கணக்கும் வேறு. தினகரன் அரைமணி என்றால் முக்கால் என்று எழுதுவார். பிரசன்னா ஒரு மணி என்றால் நாற்பதுதான் எழுதுவார். "அவனுங்க வாயி ஒண்ணு சொல்லும், கை ஒண்ணு சொல்லும். நான் கையத்தான் எழுதறேன்."

"பாத்ரூம் போறதயும் எழுதிக்கோண்ணா" என்று பிரசன்னா சீண்டுவான்.

"எழுதியாச்சு. உனக்கு மட்டும் ரெண்டு தபா."

இரண்டு வரிகளை மட்டும் யாரும் தொடமுடியாது. ஒன்று, 'டீ – 15'. கடன்காரன் வந்து நின்றாலும் அந்தப் பதினைந்து நிமிடம் ஆட்களுடையது. "டீல கை வெச்சா, அப்பால ஒருத்தன் கையும் ஓடாது." இன்னொன்று, 'அக்கா நிக்கிறது – 20'. எந்த வீட்டிலும் அந்த வீட்டுப் பெண்மணி ஏதோ ஓர் இடத்தில் அசையாமல் நின்றுவிடுவாராம். பூஜை அறையிலோ, பீரோ முன்னாலோ. அதற்கும் நேரம் ஒதுக்கிவிடுவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டுக்கு எமகண்டம். அதற்குள் ஊரப்பாக்கத்துப் புது வீட்டில் விளக்கேற்றிவிட வேண்டும் என்பது டீச்சரின் ஒரே வேண்டுகோள். அவர் கணவர் அனந்தகிருஷ்ணன் தவறி ஒன்றரை வருஷம் ஆகிறது. தனியாகப் போகிற வீட்டில் நல்ல நேரத்தில் கால் வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்கவில்லை. பதினொன்றுக்கு வண்டி புறப்பட்டாக வேண்டும்.

பூஜை அறையில் நிற்பார் என்று மோகன்ராஜ் எழுதியிருந்தார். நிற்கவில்லை. திருநீர்மலைப் பெருமாள் படத்தைத் துடைத்து, கண்ணில் ஒற்றி, என் கையில் கொடுத்துவிட்டார். ஐந்தே நிமிடம். மிச்சமான பதினைந்தை, மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிய பிரிட்ஜ் தின்றுவிட்டது.

பத்தே முக்காலுக்கு எல்லாம் ஏறியாயிற்று. வாசலோரம் நான் கட்டிய சமையல் பெட்டி ஒன்றுதான் பாக்கி. பிரசன்னா டீ வாங்கத் தூக்கை எடுத்துவிட்டான். அப்போதுதான் டீச்சரைக் காணோம் என்று உள்ளே போனேன்.

மோட்டார் சுவிட்ச் முன்னால் நின்றிருந்தார். அதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி. நீல மையில் சாய்வெழுத்து: 'பத்து நிமிஷம்தான். மறக்காதே வேதா.' ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்திருக்கிறார். கொஞ்சம் கிழிந்திருந்தது.

"வர மாட்டேங்குது" என்றார் என்னிடம். "விட்டுடலாம். நேரமாறது."

பின்னாலேயே மோகன்ராஜ் வந்தார். சுவரைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"இது எப்படிக்கா வரும்?" என்று என்னைக் கேட்டார்.

"தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டா வரும். எண்ணெய் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. ஒட்டியாச்சு."

"வேணாம் மோகன்" என்றார் டீச்சர். "பன்னெண்டு தாண்டிடும்."

"தாண்டாது டீச்சர்."

வாசலுக்குப் போனார். காதிலிருந்த பென்சிலை எடுத்து, காலண்டர் தாளில் 'டீ – 15' என்ற வரியைக் குறுக்கே அடித்தார். கீழே எழுதினார்: 'எண்ணெய் ஊற – 10. உரிக்க – 5.' தூக்கோடு நின்ற பிரசன்னா அதைப் படித்துவிட்டுத் தூக்கைக் கீழே வைத்தான்.

மோகன்ராஜ் அதற்குள் என் பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து, டேப்பின் முனையைத் தேடிக்கொண்டிருந்தார்.