அப்பா பதில் சொன்ன படம்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அம்மாவும் சித்தியும் மாமாவும் சேர்ந்து ஒரு அனிமேஷன் படம் எடுத்தார்கள். ஆறு நிமிடப் படம். கவிதை அம்மாவுடையது, வயலின் சித்தியுடையது, வரைந்தது மாமா. வீட்டைவிட்டுப் போய்விட்ட அப்பாக்களைப் பற்றிய படம். அவர்களுடைய அப்பா, மாமா தொட்டிலில் கிடந்தபோது, ஈரோட்டில் வேலை இருக்கிறதென்று சொல்லிவிட்டுப் போனவர், திரும்பவே இல்லை. இது எனக்கும் தெரியும். ஆனால் நான் பார்த்தேயிராத ஒருவர் வராததில் எனக்கென்ன வருத்தம்?

படத்தில் அன்னூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு சிறுமி நிற்பாள். அவளைவிட்டு ஒருவர் நடந்துபோவார். முதுகு மட்டும்தான் தெரியும். முகத்தை ஏன் வரையவில்லை என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது கண்ணு" என்றார் மாமா.

அனிமேஷன் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவருக்கு மூக்கு வரையத் தெரியவில்லை என்று பள்ளியில் சொல்லிச் சிரித்தேன்.

சிறுமிக்குக் குரல் நான்தான். ஆர்.எஸ்.புரத்து வீட்டில் குரலைப் பதிவுசெய்ய எங்கள் படுக்கையறை ஜன்னலுக்குப் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அப்பாவுக்குப் பம்புசெட் கம்பெனி விடுமுறை. மிக்ஸி போடக் கூடாது, இருமக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால், சமையலறையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எப்ப வருவீங்க?" இது ஒன்றுதான் நான் சொல்ல வேண்டியது. கவிதை அதோடு முடியும். பிறகு ஒரு சத்தமும் வரக்கூடாது என்று சித்தி வயலினைக்கூட அங்கே நிறுத்தியிருந்தார். நான் பத்துத் தடவை சொன்னேன். முறுக்கு கேட்பதுபோல இருக்கிறது என்றார் சித்தி.

"அப்பா தூரமாப் போயிட்டாருன்னு நெனச்சுக்க அம்மணி" என்றார் அம்மா.

வெங்காய வாசம் மூக்கில் ஏறும்போது எப்படி நினைப்பது? மறுநாள் காலை படத்தைக் குறும்பட விழாவுக்கு அனுப்பியாக வேண்டும் என்று மாமா வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை முட்டியது. அதே வரியைச் சொல்லித் தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.

"வாரேன் கண்ணு" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. பின்னாலேயே கையில் கத்தியோடு அப்பாவும் வந்து நின்றார். எங்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"கெடுத்துப்போட்டனுங்களா மாப்ள?"

மாமா ஹெட்போனை மாட்டி அந்த இடத்தை ஓடவிட்டார். மறுபடியும் ஓடவிட்டார். சித்தி வாங்கிக் கேட்டார், பிறகு அம்மா. திட்டு விழும் என்று நான் அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"வெட்டிப்போடட்டுமா அக்கா?" என்றார் மாமா.

"வேண்டாம். இருக்கட்டும்" என்றார் அம்மா. கவிதைத் தாளில் கடைசி வரிக்குக் கீழே அந்த இரண்டு சொற்களையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் விழாவில் ஒரு சிறிய அரங்கில் படத்தைப் போட்டார்கள். அப்பாவின் குரல் வந்ததும் சிலர் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா வெட்கத்தில் நாற்காலிக்குள் சரிந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் போண்டாவைச் சுற்றி உட்கார்ந்தோம். மாமா மட்டும் லேப்டாப்பைத் திறந்து அப்பாவின் குரல் வரும் அந்த ஓர் இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். படம்தான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன பிழை தேடுகிறார் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"நல்லாத்தானுங்க மாமா இருக்குது" என்று அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, அவர் பங்குப் போண்டாவையும் எடுத்துக்கொண்டேன்.