யாருக்கும் தொந்தரவில்லாத இங்கெலா

வீட்டைவிட்டுக் கிளம்புமுன் இங்கெலா கதவிலுள்ள கண்ணாடித் துளையில் கண்ணை வைத்துப் படிக்கட்டைப் பார்ப்பாள். யாராவது ஏறியோ இறங்கியோ வந்தால், கோட்டும் தொப்பியும் போட்டபடி உள்ளேயே வியர்த்துக்கொண்டு நிற்பாள். காலடிச் சத்தம் அடங்கிய பிறகுதான் தாழ்ப்பாளை எடுப்பாள். பகை ஒன்றும் கிடையாது. எதிர்வீட்டுக்காரரும் தன் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு அதே மாதிரிதான் நிற்பார். ஒருவரைப் படியில் மறித்து, பேச ஒன்றுமில்லாத நேரத்தில் பேசவைக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று யேவ்லே நகரத்தில் வளர்ந்த எல்லோரையும் போல அவளும் கற்றிருந்தாள்.

அம்மாவிடம் கற்றது. அந்த அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி ராத்திரி வலியில் துடித்தபோதுகூடத் தலைமாட்டு மணியை அழுத்தவில்லை. நர்ஸுகளுக்கு வேலை தலைக்குமேல் கிடக்கிறது, நாம் வேறு எதற்கு என்று இருந்துவிட்டாளாம். இங்கெலா இதைப் பெருமையாகத்தான் சொல்வாள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று ஒருவரும் அவளைக் கேட்டதில்லை.

சூப்பர் மார்க்கெட்டில் பாலாடைக்கட்டி வெட்டிக்கொடுக்கும் வேலை. கணவன் பிரிந்துபோய்ப் பல வருஷம். மகன் மால்மோவில் இருக்கிறான். அவன் வாழ்க்கையில் தலையிடக்கூடாது என்று இவள் போன் செய்யமாட்டாள். அம்மாவைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவனும் செய்யமாட்டான். கட்டடத்தின் பொதுத் துவைக்கும் அறையில் தன் முறை முடிந்ததும் மெஷினின் ரப்பர் விளிம்பைக்கூடத் துடைத்துவைத்துவிட்டுத்தான் வெளியே வருவாள். நல்ல அண்டைவீட்டுக்காரி என்ற பெயரைத் தவிர அவளிடம் வேறு சொத்து இருந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெயருக்குத்தான் ஒருநாள் ஆபத்து வந்தது, அல்லது வந்ததாக அவள் நினைத்துக்கொண்டாள்.

மேல்வீட்டில் ஸ்தூரே இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், மனைவி இறந்துவிட்டாள், மகள் வெளியூரில். அவர் இருமல் எப்படி இருக்கும், எப்போது நாற்காலியை இழுப்பார் என்பதெல்லாம் இங்கெலாவுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்ட வார்த்தைகளை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம்.

டிசம்பர் ஆரம்பத்தில் இங்கெலாவுக்கு அறுபது வயது நிறைந்தது. கடையில் கூட வேலை பார்க்கும் பெரித் விடவில்லை, நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு கேக்கோடு வந்து இறங்கிவிட்டாள். எல்லோரும் எழுந்து நின்று பிறந்தநாள் பாட்டை உரக்கப் பாடிக்கொண்டிருந்தபோது மேலிருந்து டங், டங் என்று சத்தம் வந்தது. வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் மாடிக்கு மாடி ஒன்றாகத்தான் ஓடுகிறது. கீழே சத்தம் அதிகமானால் மேலே இருப்பவர் இறங்கி வந்து முகத்துக்கு நேரே சொல்லமாட்டார், குழாயில் தட்டுவார். கீழே இருப்பவர் புரிந்துகொண்டு அடங்கிவிடுவார். அதுதான் வழக்கம்.

"உன் மேல்வீட்டுக்காரருக்கு நம்ம பாட்டு பிடிக்கல போல," என்று பெரித் சிரித்தாள்.

இங்கெலாவுக்கு முகம் செத்துவிட்டது. இருபது வருஷத்தில் அவளைப் பார்த்து யாரும் குழாயில் தட்டியதில்லை. விருந்தாளிகளைச் சைகை காட்டி உட்காரவைத்தாள். மீதிக் கேக்கைக் கிசுகிசுத்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினார்கள். தட்டுவது நிற்கவில்லை.

மறுநாளும் விட்டு விட்டுத் தட்டும் சத்தம் கேட்டது. இங்கெலா ரேடியோவைப் போடவில்லை. கம்பளிக் காலுறையோடு பூனை மாதிரி நடந்தாள். தண்ணீர்ச் சத்தம் வேண்டாம் என்று குளிக்கவில்லை, பாத்திரம் கழுவவில்லை. அப்படியும் டங், டங். இதற்குமேல் நான் மூச்சைத்தான் நிறுத்தவேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அப்படி என்ன செய்துவிட்டோம், ஒரு நாள் பாடியது ஒரு குற்றமா?

சாயங்காலம் மனசு கேட்காமல் குங்குமப்பூ ரொட்டி சுட்டாள். சூடு ஆறுமுன் ஒரு பையில் போட்டு மேலே கொண்டுபோனாள். ஸ்தூரேயின் கதவுக்கு முன்னால் நின்று மணியை நோக்கி விரலைக்கூட நீட்டினாள். கோபமாக இருக்கிற மனிதரை ஞாயிற்றுக்கிழமை வேறு எழுப்பி வாசலுக்கு இழுப்பதா என்று தோன்றியது. பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிவிட்டாள். அவள் தன் வீட்டுக்குள் வந்தபோது குழாயில் மறுபடி சத்தம் கேட்டது. வேகவேகமாக, முன்னைவிடப் பலமாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நின்றுபோனது. ரொட்டியைப் பார்த்திருப்பார், மனசு இளகியிருக்கும் என்று இங்கெலா நிம்மதியாகப் படுத்தாள்.

காலையில் பை மாட்டிய இடத்திலேயே தொங்கியது. சரி, அவ்வளவு வீம்பு என்றால் வேண்டாம் என்று கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். பெரித்தும் அவளும் காபியோடு அந்த ரொட்டியைச் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று பெரித் இரண்டு எடுத்துக்கொண்டாள்.

பிறகு மேல்வீட்டில் சத்தமே இல்லை. இருமலும் இல்லை, நாற்காலியும் இல்லை. மகளிடம் போயிருப்பார் என்று இங்கெலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. அவர் வாடகை பாங்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தது. கதவின் பிளவு வழியாகத் தபால் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. குளியலறைக் கதவு சாத்தியிருந்ததால் வாடைகூடப் படிக்கட்டுக்கு வரவில்லை.

ஜனவரி நடுவில் எல்லோரும் கிறிஸ்துமஸுக்காக ஜன்னலில் தொங்கவிட்ட காகித நட்சத்திர விளக்கை எடுத்துவிடுவார்கள். ஸ்தூரேயின் ஜன்னலில் மட்டும் அது எரிந்துகொண்டே இருந்தது. இதென்ன ஒழுங்கீனம் என்று யாரோ வீட்டு நிர்வாகத்துக்குப் புகார் கொடுத்தார்கள். அப்படித்தான் கதவு திறந்தது. ஒரு மனிதரைக் காணவில்லை என்று இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விளக்கை எடுக்கவில்லை என்பது மட்டும் எல்லோர் கண்ணையும் உறுத்தியிருக்கிறது.

போலீஸ்காரர் கீழே வந்து இங்கெலாவின் சமையலறையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். ஸ்தூரே குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. எழுந்திருக்க முடியவில்லை. கைக்கு எட்டியது ஷவரின் இரும்புப் பிடி மட்டும்தான். குழாயில் ஒரு சாண் அகலத்துக்குப் பெயின்டே இல்லை.

"ரெண்டு நாளாவது உயிரோட இருந்திருப்பார்," என்றார். "உங்களுக்கு ஏதாவது கேட்டுதா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். வாயிலிருந்து வார்த்தை வந்திருந்தால் உண்மை வந்திருக்கும்.

அடுத்த வாரம் ஸ்தூரேயின் மகள் ஆன்னெலி ஊமெயோவிலிருந்து வந்து வீட்டைக் காலிசெய்தாள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது இங்கெலாவின் வீட்டு மணியை அடித்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரமாட்டேன் என்றாள்.

"கீழ்வீட்டுல ஆள் இருக்கிறதே தெரியாதுன்னு அப்பா சொல்லுவார். பாராட்டித்தான் சொல்லுவார்," என்றாள். "நானும் போன் பண்ணல. ஏதாவது வேணும்னா அவரே கூப்பிடுவார்னு விட்டுட்டேன். குழாயில ரொம்ப தட்டியிருக்காராமே. நிஜமாவே உங்களுக்குக் கேக்கலையா?"

இங்கெலாவின் நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. சொல்லிவிட்டால் இந்தப் பெண் தன்னை என்ன செய்தாலும் தகும் என்று நினைத்தாள்.

"இல்ல," என்றாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

ஆன்னெலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை. கேட்டும் யாரும் வரலன்னா என்னால தாங்கமுடியாது."

அந்தப் பொய் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இங்கெலாவுக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் குழாய்ச் சத்தம். செவிடாகப் பிறந்திருக்கலாமே என்று நினைத்து நினைத்து மருகினாள்.

வசந்தத்தில் மேல்வீட்டுக்கு மெல்கெர் என்றொரு இளைஞன் குடிவந்தான். எடை தூக்கிப் பயிற்சி செய்பவன். அவன் இரும்புக் குண்டைத் தரையில் வைக்கும்போதெல்லாம் கீழே தொம்மென்று கேட்கும். இங்கெலா போட்டது போட்டபடி விட்டுவிட்டு, செருப்புக்கூட இல்லாமல் மேலே ஓடி மணியை அடிப்பாள். கதவு திறந்ததும் அவனை ஏற இறங்கப் பார்ப்பாள். எழுந்து நிற்கிறான், நல்லது. திரும்பி வந்துவிடுவாள். அடுத்த தொம்முக்கு மறுபடி ஓடுவாள். அவன் பொறுத்துப் பார்த்துவிட்டு நிர்வாகத்திடம் சொன்னான். அவர்கள் இங்கெலாவைக் கூப்பிட்டு, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கொடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவளைப் பற்றி வந்த முதல் புகார் அது.

அன்று சாயங்காலமும் தொம்மென்று கேட்டது. இங்கெலா ஓடினாள்.

மெல்கெர் கதவைப் பாதி திறந்தான். நல்ல பையன், குரலை உயர்த்தவில்லை. "எனக்கு ஒண்ணும் ஆகலைங்க. தப்பா எடுத்துக்காதீங்க, இனிமே இப்படி வராதீங்க. எனக்கு ஏதாவது வேணும்னா நானே சொல்றேன்."

"எப்படிப்பா சொல்லுவே?" என்று இங்கெலா கேட்டாள்.

அவனுக்குப் புரியவில்லை. மரியாதையாகச் சிரித்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டான்.