பத்துப் பேர் இருந்த படம்

ஒருவரைச் சிறுமைப்படுத்திச் சொல்லப்பட்டுவந்த வேடிக்கைப் பேச்சே பிற்பாடு அவருக்கு நியாயம் பெற்றுத் தந்தால், அதைச் சொன்னவர் செய்தது நன்மையா, தீங்கா? ஒன்பது வயதுச் சிறுமியாய் இருந்தபோது இந்தக் கேள்வி என்மேல் வந்து விழுந்தது. இன்றும் என்னிடம் முழு விடை இல்லை.

அவிநாசிக்கு அருகே எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. ஏறத்தாழ நூறாண்டுக்கு முன், கோயமுத்தூரில் ஒரு கல்லூரியின் கால்பந்து அணி. நடுவில் கோப்பையை முழங்கால்மேல் நிறுத்திப் பிடித்து அமர்ந்திருந்த அணித்தலைவர் என் அப்பாவின் தாத்தா. படம் எடுக்கப்பட்டதும் எங்கள் வாசலில்தான். விருந்தாளி யார் வந்தாலும் பெரியப்பா அதன்கீழ் நின்று அந்த ஆண்டின் ஆட்டங்களை ஒன்றுவிடாமல் சொல்வார். வெறுங்காலோடு ஆடியது, மழையில் ஊறிய தோல்பந்து கல்லாய்க் கனத்தது, போத்தனூர் ரயில்வேக்காரர்களோடு நடந்த இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடப் பெனால்டியைக் கோல் கீப்பர் நெஞ்சைக் கொடுத்துத் தடுத்தது எல்லாம் அதில் வரும்.

வென்ற அணியைத் தலைவர் தம் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். ரயிலிறங்கி மூன்று மாட்டு வண்டிகளில் வந்து சேர்ந்தார்கள். இந்த இடத்தில் பெரியப்பாவின் குரல் தாழும். கேட்பவர்கள் சிரிக்கத் தயாராவார்கள்.

"எல்லாரும் உள்ள போயிட்டாங்க. அவன மட்டும் வாசலுக்குள்ள உட முடியுங்களா? வண்டியோட நிக்கச் சொல்லிப்போட்டாங்க. கோலுக்குக் காவல் நின்னவன் மாட்டுக்குக் காவல் நின்னானுங்க!"

கூடமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவரை ஏன் விட முடியாது என்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை; எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அப்போதும் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள். படத்தில் பத்துப் பேர்தான் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்து வைத்திருந்தேன். அதன் காரணம் எனக்குத் தெரியும் என்பதில் ஒரு பெருமையும் இருந்தது.

எனக்கு ஒன்பது வயதான ஆண்டு கல்லூரி, தன் பழைய அணியின் பெயர்களைப் பலகையில் எழுதி மைதானத்தில் வைக்க முடிவுசெய்தது. பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டது. எங்கள் படமும் அதன் அடியில் எழுதியிருந்த பெயர்களுமே சான்று. பெரியப்பா படத்தை வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு, என்னையும் பஸ்ஸில் கூட்டிச் சென்றார்.

பேராசிரியரின் அறையில் ஐம்பது வயதுள்ள ஓர் அம்மையார் முன்பே வந்து அமர்ந்திருந்தார். மேட்டுப்பாளையத்தில் பள்ளித் தலைமையாசிரியை. கைக்குட்டையைப் பிரித்து ஒரு வெள்ளிப் பதக்கத்தை மேசைமேல் வைத்தார்.

"எங்க தாத்தாவும் இந்த டீம்ல ஆடுனாருங்க. கோல் கீப்பருங்க."

பேராசிரியர் எங்கள் படத்தை அவர் பக்கம் திருப்பினார். "போட்டோவுல இல்ல, பேருலயும் இல்லீங்களேம்மா. மெடல்லயும் பேரு போடல. நான் என்னத்த வச்சு எழுதறதுங்க?"

"பதினோரு பேரு ஆடற ஆட்டமுங்க சார். இதுல பத்துப் பேருதான் இருக்காங்க. இன்னொருத்தரு யாருங்க?"

பேராசிரியர் பெரியப்பாவைப் பார்த்தார். "உங்க ஊட்டுப் படம். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?"

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் காலத்துச் சங்கதி, நமக்கென்ன தெரியுமுங்க. காய்ச்சல்கீய்ச்சல்னு யாராவது வராம இருந்திருப்பாங்க."

அம்மையாரின் முகம் மலர்ந்தது. "ஆமாங்க! காய்ச்சல்ல படுத்துட்டேன், அதான் போட்டோவுல இல்லைன்னுதான் தாத்தாவும் சொல்லுவாருங்க."

"இருந்திருப்பாங்கங்கறத வச்சு எழுத முடியாதுங்களேம்மா," என்று பேராசிரியர் பேனாவை மூடினார்.

பெரியப்பா மறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். "எனக்குத் தெரியுங்க!" என்று எழுந்து நின்று, அவர் நிறுத்தும் இடங்களில் நிறுத்தி, அவர் குரலைத் தாழ்த்தும் இடத்தில் தாழ்த்தி, வண்டியில் தொடங்கி மாட்டுக்குக் காவல் நின்றதுவரை சொல்லி முடித்துச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை.

"இத யாரு கண்ணு உனக்குச் சொன்னாங்க?" என்று அம்மையார் கேட்டார்.

"பெரியப்பாதானுங்க. வர்றவங்க எல்லார்த்துக்கும் சொல்லுவாரு."

பெரியப்பா மறுக்கவில்லை, குனிந்து தரையைப் பார்த்தார். அம்மையார் பேராசிரியரிடம், "எழுதிக்குங்க சார். ஞானமுத்து," என்றார். பிறகு பெரியப்பாவிடம் திரும்பி, "அன்னைக்கு அவரு சாப்பிட்டாரான்னு கதையில வருதுங்களா?" என்று கேட்டார்.

வரவில்லை. எத்தனையோ முறை கேட்ட கதையில் அந்தச் செய்தி இருந்ததே இல்லை.

அம்மையார் பதக்கத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, போகும்போது என் தலையைத் தொட்டு, "நல்லா இரு அம்மணி," என்றார். திரும்பும் பஸ்ஸில் பெரியப்பா என்னைத் திட்டவில்லை. நல்லது செய்துவிட்டு ஏன் பாராட்டுப் பெறவில்லை என்று அவிநாசிவரை யோசித்துக்கொண்டே வந்தேன். தம் பேரப்பிள்ளைகளை வந்தடையாதபடி ஒரு மனிதர் காய்ச்சல் என்று சொல்லி ஆயுள் முழுதும் தடுத்து வைத்திருந்த அவமானத்தை, அன்று நான்தான் உள்ளே விட்டேன் என்பது எனக்கு விளங்கவில்லை.

பலகையில் பதினொன்றாவதாக ஞானமுத்துவின் பெயர் இருக்கிறது. எங்கள் படம் கூடத்துக்குத் திரும்பிவந்தது. ஆனால் அதன்கீழ் நின்று பெரியப்பா பிறகு ஒருமுறையும் கதை சொல்லவில்லை.