ஏரிக்குள் ஒரு மைதானம்

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், ஏரி வற்றினால்தான் கொரட்டூரில் கிரிக்கெட் மைதானம் முளைக்கும். அதன் வசதிகளைக் கேட்டால் பொறாமைப்படுவீர்கள். உட்கார மதகுச் சுவர், குடிக்க ஒரு பானைத் தண்ணீர், புல்லை மட்டமாக மேய்ந்து வைக்க எருமைகள். எல்லாவற்றுக்கும் மேல், பட்டணத்துத் துரைமார் கிளப்பில் கழித்துப்போட்ட தென்னைநார்ப் பாய் ஒன்று. ரயிலேற்றிக் கொண்டுவந்தோம். அதை விரித்து ஆணியடித்தால் பந்து ஒரே சீராக எழும்பும்.

ஒரு சித்திரை ஞாயிறு, பட்டணத்து அணி வெள்ளை உடுப்பில் வந்து இறங்கியது. எங்கள் பாயைக் காணோம். தேடிப்போனால், ஏரிக்கரையில் ஒரு குடியானவர் வீட்டு வாசலில் விரிந்து கிடக்கிறது, மேலே ஈர நெல்.

"யக்கா, மேட்ச் கீது. பாய் ஓணும்" என்றேன்.

அந்த வீட்டு அம்மாள் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே சொன்னாள்: "நீங்க தரையிலயே ஆடலாம் நைனா. நெல்ல மண்ணுல கொட்ட முடியுமா?"

கடுப்போடு திரும்பிவந்து தரையிலேயே ஆடினோம். வெடித்த ஏரி மண்ணில் பந்து ஒரு தரம் காதைத் தேடி வந்தது, மறு தரம் பாம்பாக ஊர்ந்தது. பாய் வருமுன் நாங்கள் ஆடிப் பழகியதே அந்த மண்ணில்தான். அதுவரை எங்களிடம் தோற்றே அறியாத பட்டணத்தார் சாப்பாட்டு வேளைக்குள் சுருண்டார்கள்.

அதன்பிறகு பட்டணத்து அணி வருகிறது என்றால், முந்தின நாளே பாயை நாங்களே சுமந்துபோய் அந்த வாசலில் போட்டுவிடுவோம். நெல் இல்லாத நாட்களிலும்.